சின்னவளுக்கு உடம்பு சரியில்லை

லிஃப்ட் கம்பெனி மேலாளர் முதல் தடவை தோலுரித்தது ஒரு புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு மல்லாந்து படுத்தவர், மாலை ஆறு மணிக்குப் பழைய தோலை விட்டு முழுசாக வெளியே வந்தார். ஆக மொத்தம் பதினோரு மணி நேரம். மார்புக்கு நடுவில் திறந்த ஒரு பிளவைத் தவிரத் தோல் எங்கேயும் கிழியவில்லை. பத்து விரல் நகம், இரண்டு காது மடல், மூக்குத் தண்டில் கண்ணாடி அழுத்தி அழுத்தி விழுந்த இரண்டு பள்ளம், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துகிறவள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் டீச்சர். அவள் அந்தத் தோலை உதறி, நாலாக மடித்து, வேறெங்கே வைப்பதென்று தெரியாமல் கம்பளிகள் இருக்கும் அலமாரியில் வைத்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தாள். நகரத்தின் மறுகோடியில், ஒரு மாடி அறையில், அதே பதினோரு மணி நேரமும் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண்ணும் அதே நேரத்துக்குத்தான் முதுகை நிமிர்த்தி எழுந்தாள். அவள் முகம் கழுவவில்லை. சிரித்தாள்.

அவளை இஸ்திரியக்கா என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்பு தேய்க்கிறவள். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது, தம்பிக்கு நாலு. பெண் கேட்டு வந்தவர்களிடம் தம்பியும் கூட வருவான் என்றாள். வந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் பாதி குடித்த டம்ளரை வைத்துவிட்டே போனார். தம்பி வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். ஆளுக்கு மீசை வந்ததே தவிர ஆசைகளெல்லாம் பத்து வயதிலேயே நின்றுவிட்டன. வீட்டில் துணைக்கு ஏதாவது வளர்க்கலாமே என்று அவள் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவள் மனசில் இருந்தது பூனை. மறுநாள் அவன் கொண்டுவந்தது கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு டரான்டுலாக் குஞ்சு, காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியில். "ஐயே, சிலந்தியாடா? அதை அடிக்கத்தானேடா வீட்டுல விளக்குமாறு வச்சிருக்கேன்" என்றாள். "அப்படிச் சொல்லாதேக்கா, இவ நம்ம வீட்டுச் சின்னவ" என்றான். அன்றிலிருந்து அதற்குச் சின்னவள் என்று பெயர். இஸ்திரியக்கா பெட்டி வைத்த மேசையைத் துடைக்கும்போது அதை மட்டும் சுற்றித் துடைத்தாள்.

தம்பி செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு. ஏழு மாடி அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டின் பிரேக் தேய்ந்திருந்தது. அவன் மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு, அடிக்குழிக்குள் இறங்கினான். இறங்குமுன் எப்போதும்போல அக்காவுக்குப் போன் செய்தான். அது அவள் போட்ட சட்டம். "குழிக்குள்ள இறங்கறேன்க்கா, அங்க போன் எடுக்காது. அட்டை மாட்டிட்டேன், நீ பயப்படாதே" என்றான். அரை மணி நேரமாகப் படியேறிக்கொண்டிருந்த ஐந்தாம் மாடிக்காரர்கள் கம்பெனிக்குப் போன்மேல் போன் போட்டார்கள். மேலாளர் நேரில் வந்தார். சிவப்பு அட்டையைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குழிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. சுவிட்சைப் போட்டார். லிஃப்ட் இறங்கியது. எல்லாம் சேர்த்து அரை நிமிஷம் இருக்கும்.

மூன்று வாரம் கழித்து விசாரணை நடந்தது. மேலாளருக்கு மெக்கானிக்குகள் மத்தியில் 'புரியுதா' என்று பட்டப்பெயர்; எந்த வாக்கியத்தையும் அந்தச் சொல் இல்லாமல் முடிக்க அவருக்கு வராது. விசாரணை அதிகாரியிடமும் அப்படியே பேசினார். "அட்டையெல்லாம் ஒண்ணும் மாட்டல சார். அன்னைக்கு அவன்கிட்ட வாடை அடிச்சுது. வீட்டுக்குப் போன்னு சொன்னேன், கேக்கல. புரியுதா?" இஸ்திரியக்கா எழுந்து நின்று, "டீ கூடக் குடிக்க மாட்டான் சார் அவன்" என்றாள். அறையில் யாரோ சிரித்தார்கள். போனில் தம்பி சொன்னதைச் சொன்னாள். அதிகாரி அதை 'உறவினர் கூற்று' என்று எழுதிப் பக்கத்தைத் திருப்பினார். இறந்தவர் மதுபோதையில் இருந்தார், கவனக்குறைவே காரணம் என்று அறிக்கை முடிந்தது. வெளியே வராந்தாவில் அவள் மேலாளரை மறித்து, "உன் தோலை உரிக்காம விடமாட்டேன்டா" என்றாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கட்டடத்துக் காவலாளியே அந்த வாரத்தில் தன் மகனிடம் அதையே இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

நாலு நாள் கழித்து, கம்பெனிக்குச் சொந்தமான கருவிப் பையையும் தலைக்கவசத்தையும் எடுத்துப் போக மேலாளரே வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சொன்னவளும் மனசாரச் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்து, "இது என்ன, கம்பெனிச் சாமானா?" என்றார். அது தம்பியோடது என்றாள். அவர் பெட்டியைக் கையில் எடுத்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், உயிர் இருக்கிறதா என்று இரண்டு குலுக்குக் குலுக்கினார், பாதி மேசையிலும் பாதி வெளியிலுமாக வைத்தார். பெட்டி விழுந்தது. மூடி ஒரு பக்கம், மண் ஒரு பக்கம், சின்னவள் ஒரு பக்கம். அவர் பின்னால் நகர்ந்தபோது அவருடைய சப்பாத்து நுனியில் ஒரு கால் மாட்டிக்கொண்டது. வேண்டுமென்றே மிதித்தாரா, தெரியாமல் மிதித்தாரா என்பதைச் சாகும்வரை அவரே சொல்ல முடியாது. "வீட்டைச் சுத்தமா வச்சுக்கங்க. புரியுதா?" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

சின்னவளுக்கு இடதுபக்கம் மூன்றாவது கால் போய்விட்டது. அந்த இடத்தில் லேசான நீலத்தில் ஒரு நீர் முத்துமுத்தாகக் கசிந்தது. இஸ்திரியக்கா அதுவரை அதைத் தொட்டதில்லை. அஞ்சல் அட்டை ஒன்றைத் தரையோடு தரையாகச் சரித்து அதை ஏற்றி, இரண்டு கையாலும் பெட்டியை ஏந்திக்கொண்டு, செருப்பில்லாமல் வளர்ப்புமீன் கடைக்கு ஓடினாள். தம்பி அதை வாங்கிய கடை அதுதான். கடைக்காரர் வாழ்நாளில் பாதியை மீன்களோடு கழித்ததால், மனுஷர்கள் கிடைத்தால் விடமாட்டார். அன்று மட்டும் சுருக்கமாகப் பேசினார். காயத்தின்மேல் சோளமாவை ஒரு சிட்டிகை தூவினார், கசிவு நின்றது. "விழுந்ததுதான்ம்மா மோசம். வயிறு தெறிக்காம இருக்கறதே பெரிசு. இனிமே கையால தொடாதீங்க. வெயில் படக்கூடாது. ஈரம் வேணும், ஆனா சொதசொதன்னு இருக்கக் கூடாது. பெயிண்ட் பிரஷ் நுனியில ஒரு சொட்டுத் தண்ணி எடுத்து வாய்கிட்ட வையுங்க. உயிரோட பூச்சி போட்டீங்கன்னா அது இவளைத் தின்னுடும், அவ்வளவு பலவீனமா இருக்கா" என்றார். ஒரு சுவர்க்கோழிப் பூச்சியின் தொடையை மட்டும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

அவள் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். சலவைக்கூடத்தில் விரிப்புகள் ஆறவைக்கும் அறை ஒன்று உண்டு. நாள் முழுக்க ஒரே சூடு, ஒரே ஈரம். பெட்டியை அங்கே மேல்தட்டில், தலையணை உறைகளுக்குப் பின்னால் வைத்தாள். ஒவ்வொரு மணிக்கும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய் எட்டிப் பார்ப்பாள். மிச்சமிருந்த ஏழு காலும் மூன்றாம் நாள் உள்பக்கமாகச் சுருண்டுவிட்டன, பிடிவாதக்காரக் குழந்தை உள்ளங்கையை மூடிக்கொள்கிற மாதிரி. வயிறு காய்ந்த திராட்சை போல வற்றியது. சிலந்திக்குக் கால் மடங்கினால் பாடை கட்டலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இஸ்திரியக்கா பிரஷ் நுனியில் தண்ணீரை வைத்துக்கொண்டு, "குடிடி. அவன் போனான், நீயும் போறியா? குடிடி, சனியனே" என்று திட்டிக்கொண்டே நின்றாள். அவள் தம்பிக்காகக் கூட அழாதவள். அன்றும் அழவில்லை. ஆனால் அன்று தேய்த்த விரிப்புகளில் ஆறு தீய்ந்துபோயின.

நாலாம் நாள் வார்டு ஆயா அழுக்குத் துணி மூட்டையோடு வந்தபோது ஒரு சேதியும் கொண்டுவந்தாள். ஏழாம் வார்டில் ஒரு நோயாளி. லிஃப்ட் கம்பெனியில் பெரிய ஆள். கையும் காலும் உள்ளே மடங்கிச் சுருண்டு கிடக்கிறார். எந்த டாக்டர் இழுத்தும் நிமிரவில்லை. இடதுகையில் மூன்று விரல் செத்தே போய்விட்டது. இரத்தம் எடுத்தால் லேசாக நீலம் தெரிகிறதாம், ஊசியை மாற்றிப் பார்த்தும் அதே நீலம்தான். இஸ்திரியக்கா அன்றைக்கு விரிப்புக் கட்டைத் தானே சுமந்துகொண்டு மாடிக்குப் போனாள். மேலாளர் ஒருக்களித்துக் கிடந்தார். முழங்கால்கள் வயிற்றோடு, முழங்கைகள் மார்போடு. உதடு வெடித்திருந்தது. எட்டுக் காலும் இரண்டு காலும் எப்படி ஒத்துப்போயின என்று கேட்டால் அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. ஆனால் இரண்டு படுக்கையையும் பார்த்தவள் ஒருத்திதான், அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் அவளை யாரென்று அறியாமல், "எத்தனை பாட்டில் ஏத்தினாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குதுங்க. இன்னைக்குக் காலையில ஒன்பதரைக்கு மட்டும் தானா உதடு நனைஞ்சுது. யாரும் தண்ணி குடுக்கல" என்றாள். ஒன்பதரைக்குத்தான் சின்னவள் முதல் தடவையாகப் பிரஷை விட்டு வாயை எடுக்காமல் இருந்தாள்.

இஸ்திரியக்கா கீழே இறங்கி வந்து, ஆறவைக்கும் அறைக் கதவைச் சாத்தி, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிரஷைத் தொடவில்லை. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. சின்னவளின் வயிறு இன்னும் கொஞ்சம் வற்றியது. மாடியிலிருந்து இறங்கி வந்த ஆயா, ஏழாம் வார்டுக்குப் பெரிய டாக்டரைக் கூப்பிடுகிறார்கள் என்றாள். இப்படியே சாயங்காலம்வரை சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். கொலை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பூச்சிக்குத் தண்ணீர் வைக்க மறந்தாள், அவ்வளவுதான். அவள் அந்த எண்ணத்தை இஸ்திரிப் பெட்டியின் சூட்டைச் சோதிப்பதுபோல விரலை நனைத்துத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது, ஆனால் போதவில்லை. தம்பிக்கு அரை நிமிஷம். இவனுக்கு அரை நாள். செத்தால் பேப்பரில் படம் போடுவார்கள், நல்ல மனுஷர் என்று கம்பெனியில் இரண்டு நிமிஷம் எழுந்து நிற்பார்கள், அதோடு இவன் தப்பித்தான். அதுவுமில்லாமல் சின்னவள் என்ன பாவம் செய்தாள்? சலவைக்கூடத்து போனிலிருந்து மீன் கடைக்காரரைக் கூப்பிட்டு, இந்தச் சாதி எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்று கேட்டாள். "ஆணா இருந்தா நாலஞ்சு வருஷம். பொண்ணா இருந்தா இருபது, இருபத்தஞ்சு. உங்க ஆயுசுக்கும் துணை" என்றார் அவர். போனை வைத்துவிட்டுப் பிரஷை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் பார்த்ததுபோல எந்தத் தாயும் எந்தப் பிள்ளையையும் பார்த்திருக்க மாட்டாள். பூச்சித் தொடையை நசுக்கி, ஊசிமுனையில் எடுத்து ஊட்டினாள். மண்ணை மாற்றி, பூஞ்சை பிடிக்காமல் வெயிலில் காயவைத்துப் போட்டாள். பெட்டிக்கு அடியில் அதிர்ச்சி தாங்க நாலு மடிப்புப் போர்வை. ஆறாம் நாள் வலதுபக்க முன்கால் ஒன்று மயிரிழை நிமிர்ந்தது. ஏழாம் வார்டில் மேலாளரின் வலதுகை நிமிர்ந்தது. டாக்டர்கள் தங்கள் மருந்து வேலை செய்கிறது என்று கை குலுக்கிக்கொண்டார்கள். பத்தாம் நாள் சின்னவள் நடந்தாள்; பெட்டி வீட்டு மேசைக்குத் திரும்பியது. மேலாளர் வீட்டுக்குப் போனார்.

வீட்டுக்குப் போனாரே ஒழிய, பழைய ஆளாகப் போகவில்லை. பத்து நாளைக்கு ஒரு வேளைதான் பசித்தது. அந்த ஒரு வேளையையும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டுதான் தின்றார். வெளிச்சம் ஆகவில்லை. ஜன்னல்களுக்கு டீச்சர் இரட்டைத் திரை தைத்துப் போட்டாள். அலுவலகத்தில் மேசைக்கு மேலே இருப்பதைவிட மேசைக்கு அடியில்தான் அவருக்கு நிம்மதி. கோப்புகளைக் கீழே நீட்டினால் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார். கையெழுத்து பழையபடிதான் இருந்தது, ஆகவே கம்பெனிக்குப் புகார் ஏதும் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும், சிலந்தி மயிர் பட்டதுபோல, இரண்டு நாள் அரித்தது. மூன்றாம் மாதம்தான் அந்தப் புதன்கிழமை வந்தது. சின்னவள் மல்லாந்து படுத்தாள். தம்பி ஒருதரம் சொல்லியிருந்தான், மல்லாந்தால் செத்தது என்று நினைத்துத் தொட்டுவிடாதே, தோலுரிக்கிறாள் என்று. இஸ்திரியக்கா வேலைக்கு லீவு சொல்லி, கதவைத் தாழிட்டு, தெருவில் பந்து விளையாடியவர்களை அடுத்த தெருவுக்கு விரட்டிவிட்டு உட்கார்ந்தாள். பதினோரு மணி நேரம் கழித்து காகிதம்போல மெலிதான பழைய தோல் ஒருபக்கமும், பால் வெள்ளைப் பற்களோடு பிஞ்சாகச் சின்னவள் ஒருபக்கமும் கிடந்தார்கள். போன காலுக்குப் பதிலாக நூல் மாதிரி ஒரு கால் முளைத்திருந்தது. மேலாளரின் இடதுகையில் மூன்று விரலும் லேசாக அசைந்தன. ஆனால் புதுத்தோல் பச்சைப் புண்ணாக இருந்தது. சட்டை பட்டால் எரிந்தது, காற்றுப் பட்டால் எரிந்தது, ஒரு வாரம் எதையும் கடிக்க முடியவில்லை. இளம் சிலந்தி வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை தோலுரிக்கும். இஸ்திரியக்கா கேள்விப்பட்ட செய்திகளிலேயே நல்ல செய்தி அதுதான்.

தம்பியின் சொந்த ஸ்பானர் ஒன்று, வீட்டுக் குழாயைச் சரிசெய்ய எடுத்தது, கம்பெனிப் பையில் போகாமல் அலமாரியில் தங்கியிருந்தது. வார லீவைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டு, செவ்வாய்க்கிழமைதோறும் பத்து நாற்பதுக்கு அவள் அதை எடுத்து மேசை விளிம்பில் ஒரே ஒரு தட்டுத் தட்டுவாள். சின்னவள் முன்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எதிர்த்து நிற்பாள். மேலாளரும் எங்கே இருந்தாலும் இரண்டு கையையும் தூக்கிவிடுவார், போலீஸைக் கண்ட திருடன் மாதிரி. வாடிக்கையாளர் கூட்டத்தில் தூக்கினார். வங்கி வரிசையில் தூக்கினார். முதலாளி மகள் கல்யாணத்தில் படம் எடுக்கும்போது தூக்கினார். அந்தப் படம் இன்னும் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கடியாரம் நிற்கலாம், மேலாளர் கை தூக்குவது தவறாது என்று மெக்கானிக்குகள் அதை வைத்து நேரம் சரிபார்த்தார்கள். தட்டின பிறகு இஸ்திரியக்கா பெட்டியிடம், "உனக்கில்லடி கண்ணு, உனக்கில்ல" என்று சொல்லிவிட்டு, கொழுத்த பூச்சி ஒன்றைப் போடுவாள்.

டீச்சர் கணக்குப் போடத் தெரிந்தவள். செவ்வாய்க்கிழமை, பத்து நாற்பது. அறிக்கையின் முதல் வரியிலேயே அந்த நேரம் இருந்தது. செத்தவன் வீட்டில் ஒரு சிலந்திப் பெட்டியைக் கீழே தள்ளிவிட்டு வந்ததை அவரே ஒருதரம் உளறியிருந்தார். இரண்டாம் வருஷம் அவள் விசாரித்துக்கொண்டு சலவைக்கூட வாசலுக்கு வந்து, பழைய விரிப்புக் கட்டுக்காரியை அடையாளம் கண்டுகொண்டாள். இருவரும் ஆறவைக்கும் அறையில் நின்று பேசினார்கள்.

"அந்தப் பூச்சிய எங்கிட்ட குடுத்துடுங்க. நான் நல்லாப் பாத்துக்கறேன்."

"என்னைவிட நல்லாவா?"

"என்ன வேணும் உங்களுக்கு?"

"எந்தம்பி குடிச்சிருந்தானான்னு உங்க வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்லுங்க."

டீச்சர் போய்க் கேட்டாள். மேசைக்கு அடியிலிருந்து அவர், "குடிச்சிருந்தான். புரியுதா?" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அதையே சொன்னார். ஒன்பது தோல் கழன்றது. ஒன்பதிலும் அந்தப் பொய் கழலவில்லை. கம்பளி அலமாரியில் இடம் போதாமல் டீச்சர் கம்பளிகளை வெளியே எடுத்தாள்.

பத்தாவது தோலுரிப்பு கோளாறாகிவிட்டது. அந்த மாசம் மழை பொய்த்துக் காற்று வறண்டு கிடந்தது. இஸ்திரியக்கா சலவைக்கூடப் பயிற்சி என்று மூன்று நாள் வெளியே போய்வந்ததில் பெட்டி காய்ந்துவிட்டது. திரும்பி வந்தபோது சின்னவள் மல்லாந்து கிடந்தாள், உடம்பு பாதி வெளியே, நாலு கால் பழைய தோலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு. புதுத்தோல் இறுகுவதற்குள் வெளியே வராவிட்டால் உள்ளேயே முறுக்கிக்கொண்டு சாக வேண்டியதுதான். அவள் பையைக்கூட இறக்கவில்லை. பிரஷை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரைத் துளித்துளியாக மூட்டு மூட்டாக வைக்க ஆரம்பித்தாள். மூன்று நாளைக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகத் தெரியவில்லையே என்று தன்னையே பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினாள். அப்போதுதான் டீச்சரிடமிருந்து போன் வந்தது. அவள் குரலில் பாடம் நடத்தும் நிதானம் இல்லை. "இடுப்புக்குக் கீழ வரலைங்க. மூச்சு வாங்குது. கால் ரெண்டும் நீலம் பூத்துடுச்சு. ஏதாவது பண்ணுங்க, உங்க கால்ல விழறேன்" என்றாள்.

இஸ்திரியக்கா ஒரு துளியை இரண்டாவது காலின் மூட்டில் வைத்தாள். வைத்துக்கொண்டே, "பிரஷ் கையிலதான் இருக்கு. இன்னும் தண்ணி வைக்கல. அவர் வாயைத் திறந்தப்புறம்தான் வைப்பேன்" என்றாள். அடுத்த துளியையும் வைத்தாள். வாழ்க்கையில் அவள் அழுத்தம்திருத்தமாகச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அந்தப் பக்கம் டீச்சர் போனைக் கட்டிலருகே கொண்டுபோகும் சத்தம் கேட்டது. உலர்ந்த காகிதம் உரசுவதுபோல மேலாளரின் மூச்சு கேட்டது. முதல் கால் வெளியே வந்துவிட்டது, இரண்டாவது பாதி வந்துவிட்டது, அவர் இன்னும் பேசவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த இஸ்திரியக்காவுக்கு, அவர் பேசாமலே பிழைத்துவிடுவாரோ என்று பயம் வந்தது. போனுக்குள் டீச்சர் சொன்னாள்: "உங்களுக்காக ஒன்பது தோலை மடிச்சு வச்சேன். பத்தாவதை மடிக்க மாட்டேன். சொல்லுங்க."

"அட்டை இருந்துச்சு" என்றார் மேலாளர். "நான்தான் கழட்டினேன். பையில போட்டுக்கிட்டேன். கீழ ஆள் இருக்கான்னு பார்க்கல. அவன் குடிக்கல. அவன் ஒருநாளும் குடிச்சதில்ல."

சொல்லி முடித்தார். 'புரியுதா' வரவில்லை.

மூன்றாவது காலும் நான்காவதும் ஒன்றாக விடுபட்டன. அந்தப் பக்கம் டீச்சர் மூக்கைச் சிந்துவது கேட்டது. இஸ்திரியக்கா போனை வைத்துவிட்டு, பிரஷைக் கழுவி நிமிர்த்தி வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, நாலு வருஷமாக வராத அழுகையை அழுதாள். கீழ்வீட்டுக்காரர்கள் குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்து மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுவாரம் மேலாளரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள்; விசாரணை அலுவலகத்தில் அதையே எழுதிக் கையெழுத்திட்டார். பழைய அதிகாரி ஓய்வு பெற்றிருந்தார். புதிய அதிகாரி இரண்டு வரியை அடித்து இரண்டு வரி எழுதினார். கம்பெனி மேலாளரை வேலையை விட்டு நீக்கியது; மேசையைக் கொண்டுபோக அனுமதித்தது. மெக்கானிக்குகள் திருத்திய அறிக்கையைப் படியெடுத்து ஒவ்வொரு லிஃப்ட் குழியின் சுவரிலும் ஒட்டினார்கள், இறங்குகிறவன் கண்ணுக்கு நேராக. இஸ்திரியக்கா ஒரு பிரதியை வாங்கி, 'மது' என்ற சொல் அதில் எங்கும் இல்லை என்பதை விரல் வைத்துப் பார்த்தாள். ஸ்பானரைத் துடைத்து, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். செவ்வாய்க்கிழமைகளில் மேலாளரின் கை கீழேயே இருந்தது. பத்து நாற்பதுக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பது மட்டும் நிற்கவில்லை.

டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். வரும்போது பூச்சி டப்பா வாங்கி வருவாள். பெட்டிக்குள் ஈரம் சரியாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பாள். சின்னவள் இப்போது விரித்த உள்ளங்கை அளவு. கழன்ற தோலைப் பூதக்கண்ணாடியில் பார்த்த மீன் கடைக்காரர், பெண்தான், சந்தேகமே இல்லை என்று சொல்லிவிட்டார். தோலுரிப்பு வருஷத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது. அந்த நாளில் இருவரும் போனை வைக்காமல் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். "இங்க தோள் வந்துடுச்சு" என்பாள் டீச்சர். "இங்கயும் வருது, அவசரப்படாதீங்க" என்பாள் இஸ்திரியக்கா. இடையிடையே பள்ளிக்கூடத்து வம்பு, சலவைக்கூடத்து வம்பு. இரண்டு பேரும் சிநேகிதிகளா என்று யாராவது கேட்டிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எட்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள். "அவர் ஒண்ணு சொல்லச் சொன்னார். சொல்லலாமா வேணாமான்னு ஒரு வாரமா யோசிச்சேன்" என்றாள்.

"சொல்லுங்க."

"போதும்ங்கறார். அதைக் கொன்னுடச் சொல்றார். உங்க கையாலயே பண்ணுங்கன்னு சொல்றார்."

இஸ்திரியக்கா பெட்டியின் மூடியைத் திறந்தாள். டப்பாவைக் குலுக்கி, இருப்பதிலேயே கொழுத்த பூச்சியைத் தேர்ந்து உள்ளே விட்டாள். சின்னவள் திரும்பினாள், நிதானித்தாள், பாய்ந்தாள். இருவரும் அது தின்று முடிக்கும்வரை பார்த்தார்கள்.

"அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள் இஸ்திரியக்கா, மூடியை அழுத்திக்கொண்டே. "சின்னவளுக்கு உடம்பு இப்ப ரொம்ப நல்லா இருக்கு."

டீச்சர் தலையாட்டிவிட்டுப் போன வாரத்துக் காலி டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அந்த வாரம் மேலாளரின் எடை ஒன்றரைக் கிலோ கூடியது.